யார் வீட்டு நாய்?

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்கு நீ செயலாளர் ஆன சேதியை அக்கா முன்பே போனில் சொல்லிவிட்டாள். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். அதற்குள் மன்றத்துக்கு ஒரு சின்னம் வேண்டும், அது நாயாக இருக்க வேண்டும், நாமோ ராஜபாளையத்துக்காரர்கள், ஆகையால் ராஜபாளையம் நாயையே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

நாய் என்ற வரைக்கும் சரி. அரசாங்கம் 2005-லிருந்து 'ஜாகோ கிராஹக் ஜாகோ' என்று வாங்குகிறவர்களைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. 2022-ல் அதற்கு 'ஜாக்ரிதி' என்று ஒரு இளம்பெண்ணையும் சின்னமாக்கினார்கள். எழுப்புவதுதான் வேலை என்றால் நாயை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எந்த ஜாதி நாய் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நீயும் உன் தோழிகளும் உட்கார்ந்து ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். அது யார் வீட்டு நாய்?

சிரிக்காதே. விளம்பரத்தில் பேர் வாங்கிய நாய்களை எடுத்துக்கொள். முக்கால்வாசி, விற்கிறவன் வீட்டு நாய்கள். தாத்தா பரணில் போட்டு வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளில் ஒரு நாய் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்குமே, எச்.எம்.வி. நாய், அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் 1884-ல் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர் காலையெல்லாம் கவ்வப் பார்க்கும், அதனால் அந்தப் பெயர். வளர்த்தவர் இறந்துபோக, அவருடைய சகோதரர் பிரான்சிஸ் பராட் என்ற ஓவியரிடம் வந்து சேர்ந்தது. 1895-ல் நாயும் செத்துப்போனது. சில வருஷம் கழித்துப் பராட் அதை வரைந்தார். படத்தில் முதலில் இருந்தது உருளை வைத்துக் கேட்கிற போனோகிராப். அந்த மெஷினை விற்றவர்கள் படம் வேண்டாம் என்றுவிட்டார்கள். 1899-ல் கிராமபோன் கம்பெனி, எங்கள் மெஷினை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. பராட் பழைய மெஷினின் மேலேயே புதுசை வரைந்து கொடுத்தார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. அடியில் இருக்கும் பழைய மெஷினின் தடம் மூலப் படத்தில் இன்னும் தெரியும் என்கிறார்கள். சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் வரைந்தே காலம் தள்ளிய எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நாங்களும் செய்ததுதான். மயிலை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றுவோம். நிப்பரும் இடத்தை விட்டு அசையவில்லை. முன்னால் இருந்த சரக்குதான் மாறியது. எதை வைத்தாலும் அதே பக்தியோடு கேட்கும்.

நம் நாட்டு உதாரணம் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். நீ பிறக்கும் முன்பு வந்தது, ஆனாலும் பார்த்திருப்பாய். விளம்பரம் அழகுதான், மறுக்கவில்லை. அதற்கப்புறம் ஊர் ஊராக பக் குட்டி கேட்டு அலைந்தார்கள். தட்டை மூக்கு நாய் அது; நல்ல வெயிலில் மூச்சு விடவே திணறும். வைகாசி வெயிலில் அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைப் பார்த்து, என்னமாய்ச் சிரிக்கிறது பார் என்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். விளம்பரம் செல்போனுக்கு, அவஸ்தை நாய்க்கு. அமெரிக்காவில் 1987-ல் ஒரு பீர் கம்பெனி புல் டெரியர் நாயை வைத்து விளம்பரம் செய்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நாய் பிடித்துப்போய், பிள்ளைகளைக் குடிக்கு இழுக்கிறார்கள் என்று செனட்டில் வரைக்கும் புகார் போனது. ஆக, நாய்க்கு வசீகரம் உண்டு. அது யாருக்காக உழைக்கிறது என்பதைப் படம் போடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நாலடியாரில் யானையையும் நாயையும் ஒப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. உங்கள் தமிழ் டீச்சரிடம் கேட்டால் சொல்வார்கள். வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே நாய் அவனைப் பார்த்து வாலை ஆட்டுமாம். சினேகிதத்துக்கு அது பெரிய குணம். கடைவீதியில் அந்தக் குணம் ஆகாது. பழுதான சாமானைத் தலையில் கட்டிய கடைக்கே அடுத்த பொங்கலுக்கும் சிரித்த முகத்தோடு போகிறவர்களை நம்பித்தான் பல வியாபாரம் நடக்கிறது. அதனால் உன் முதல் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். அதில் நாயே பையைத் தூக்கிக்கொண்டு கடையில் நிற்கிறது, வால் வேறு ஆடுகிறது. நாயை நுகர்வோராக வரையாதே. வாங்குகிறவர் மனுஷர், நாய் அவர் பக்கத்தில் நிற்கட்டும். மனுஷரை முழுசாக வரையவும் வேண்டாம். ஒரு கை, அதில் ஒரு மஞ்சப்பை, அதை ஒட்டி நாய். அது ஆணா பெண்ணா, ஏழையா பணக்காரரா என்ற கேள்வியே வராது. எல்லாரும் அந்தக் கையைத் தன் கை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பொதுஜனத்தின் பக்கம் நின்று ஜெயித்த நாய் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் குற்றத்தடுப்புப் பிரசாரத்துக்காக 1980-ல் கொண்டுவந்த மெக்ரஃப். விளம்பரக் கம்பெனியில் இருந்த ஜாக் கீல் என்பவர் யோசித்தது, குரலும் அவருடையதே. துப்பறிகிறவர்கள் போடுகிற நீளக் கோட்டு, கொஞ்சம் களைத்த முகம், கரகரத்த குரல். முதலில் வந்தபோது அதற்குப் பெயரே கிடையாது. நாடு முழுக்கப் போட்டி வைத்து ஜனங்களையே பெயர் வைக்கச் சொன்னார்கள். நீயும் அதைச் செய். பக்கத்துப் பள்ளி மன்றங்களுக்கெல்லாம் எழுதிப் போடு. பெயர் வைத்தவன் அந்த நாயை விட்டுக்கொடுக்க மாட்டான். ஆனால் 'மணி' மட்டும் வேண்டாம். உங்கள் வகுப்பிலேயே நாலு மணி இருப்பான்கள், அந்தப் பையன்கள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

மெக்ரஃப் வந்து, குற்றம் பெருகிவிட்டது, ஐயோ நாடே என்று ஒப்பாரி வைக்கவில்லை. கதவைப் பூட்டு, வெளியூர் போனால் விளக்கைப் போட்டுவிட்டுப் போ, பக்கத்து வீட்டில் சந்தேகமாக ஏதாவது நடந்தால் போலீசுக்குச் சொல். அன்றைக்கே செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலை. அதனால் ஜனங்கள் கேட்டார்கள். 1984-ல் அதற்குத் தபால்தலையே போட்டார்கள். உன் நாயும் ஒரு வேலையோடு வர வேண்டும். 'விழிப்புணர்வு பெறுவோம்' என்று எழுதிய பேனர் பக்கத்தில் சும்மா நின்றால் அது காகிதப் பொம்மைதான்.

என்ன வேலை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாய்க்கு மூக்குதான் சொத்து. முகர்ந்து பார்க்கிற நாயாக வரை. எதை முகர்கிறது என்பதை மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். முதல் மாதம் பிஸ்கட் பாக்கெட். நாய்க்கும் பொருத்தம், பிள்ளைகளுக்கும் பொருத்தம். ஒரு பத்து ரூபாய் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார். முன்பக்கம் பெரிய எழுத்தில் பெயர், பொன் நிற பிஸ்கட் படம். அந்தப் படம் போடுகிற கை என் கை, அதனால் சொல்கிறேன், அதை நம்பாதே. பின்பக்கத்து மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் பெயர், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண். இவையெல்லாம் 2011-ல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இருந்தே ஆக வேண்டும். இப்போது ஒரு கிராம் என்ன விலை என்றும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வரியைத்தான் உன் நாய் முகர வேண்டும். ஏனென்றால் விலையை ஏற்றாமலே விலையை ஏற்றுகிற வித்தை ஒன்று உண்டு. பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே இருக்கிற கிராம் குறையும். லேபிளில் நாங்கள் மாற்றுவது ஒரே ஒரு எண். மற்ற எல்லாம் பழைய பிளேட்டே. கடைக்கு வருகிறவர் ரூபாயைப் பார்ப்பார், கிராமைப் பார்க்க மாட்டார். கிராம் விலை தெரிந்துவிட்டால் அந்த வித்தை எடுபடாது.

அடுத்த மாதம் பெட்ரோல் பங்க். அளவில் சந்தேகம் வந்தால், முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவுக் குவளையைக் கொண்டுவா, பிடித்துக் காட்டு என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லா பங்கிலும் அது இருக்க வேண்டும். அதற்கடுத்து காய்கறிக் கடைத் தராசு முத்திரை. மற்றதை உங்கள் மன்றத்துப் பிள்ளைகளே யோசித்துவிடுவார்கள்.

இனி ராஜபாளையம் நாய் விஷயம். ஊர்ப்பற்று எனக்கும் உண்டு. 2005-ல் நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்ததை இங்கே நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். என்றாலும் இந்த வேலைக்கு அது தோதுப்படாது. முதல் காரணம் தொழில்காரனுடையது. அது வெள்ளை நாய். வெள்ளைத் தாளிலும் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் வெள்ளை நாயை எப்படிக் காட்டுவாய்? சுற்றிக் கோடு போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வண்ணம் நிரப்ப வேண்டும். கோடு போட்டால் தூரத்தில் தெரியாது. வண்ணம் நிரப்பினால் மை செலவு. நீ அனுப்பிய இரண்டாவது படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். இளஞ்சிவப்பு மூக்கு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

இரண்டாவது, அந்த ஜாதியில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. வளர்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும். 1962 மார்ச் 15-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோருக்கு நாலு உரிமை என்று சொன்னதில் ஒன்று, நம் குறையைக் காது கொடுத்துக் கேட்க வைக்கும் உரிமை. அந்தத் தேதியைத்தான் உலக நுகர்வோர் உரிமை தினம் என்கிறோம். அதற்கு ஒரு செவிட்டு நாயைச் சின்னமாக வைத்தால் ஊர் சிரிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ராஜபாளையம் குட்டியே ஒரு வியாபாரச் சரக்கு. சுத்த ஜாதி என்று சொல்லிக் கலப்புக் குட்டியைத் தள்ளிவிடுவதும், பில் கேட்டால் நாய்க்கு ஏதுங்க பில் என்பதும் நம்மூரிலேயே நடக்கிறது. 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்த்து விற்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? உன் சின்னம் ஜெயித்துவிட்டது என்று வை, பக் நாய்க்கு நடந்தது இதற்கும் நடக்கும். நுகர்வோர் பிரசாரமே குட்டி வியாபாரத்துக்கு இலவச விளம்பரமாகிவிடும்.

அதனால் செவலை நாட்டு நாய். நம் தெருவில் படுத்திருக்குமே, காது நிமிர்ந்து, வால் மேலே வளைந்து, அது. யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஒரே மையில் அச்சடிக்கலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தெருநாய் என்றாலே இப்போது பாதிப் பேர் பயப்படுகிறார்கள். 2025-ல் டெல்லித் தெருநாய்கள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. உங்கள் பள்ளியிலேயே கடிபட்டு ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை இருக்கும். அதன் முன்னால் பல்லைக் காட்டுகிற நாயை ஒட்டினால் அந்தப் பிள்ளை அந்தச் சுவர் பக்கமே வராது. உன் மூன்றாவது படத்தில் பல் பல்லாக வரைந்திருக்கிறாய், எச்சில் வேறு வழிகிறது. கோபம் நியாயம், ஆனால் வாயை மூடிவிடு. காது நிமிர்ந்திருக்கட்டும், மூக்கு நீண்டிருக்கட்டும், நாலு காலும் தரையில் ஊன்றியிருக்கட்டும். கழுத்தில் ஒரு பட்டை போடு. வீடு உள்ள நாய் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். அந்தக் கழுத்துப் பட்டையில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ எழுது.

குரைக்கிற நாய் கடிக்காது என்று கடைக்காரர் யாராவது நிச்சயம் கேலி செய்வார். பதில் சொல்ல நீ தயாராக இரு. 1915 என்பது குரைக்கிற இடம். அந்த எண்ணில் சொன்னால் அவர்கள் கம்பெனியைத் தொடர்புகொண்டு, இப்படி ஒரு குறை வந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். தண்டிக்கிற அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் ஒருவன் கேட்கிறான் என்று தெரிந்ததுமே பல பேர் வழிக்கு வந்துவிடுவார்கள். வராதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை, நாமே பேசலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடு என்று அவர்கள் உத்தரவு போடுவார்கள். பொய் விளம்பரம் செய்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கடிக்கிற வேலைக்குச் சட்டத்தில் ஆள் இருக்கிறது. உன் நாய் முகர்ந்து, குரைத்து, ஆளை எழுப்பிவிட்டால் போதும்.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீ போஸ்டர் அடிக்கப் போகிறாய் என்று தெரிந்ததும் கடைவீதியிலிருந்து யாராவது வருவார்கள். நல்ல மனுஷராகவும் இருப்பார். செலவு என்னுடையது, கீழே ஓரமாகக் கடைப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். வாங்காதே. திருட வருகிறவன் நாய்க்கு முதலில் கறித்துண்டைத்தான் எறிவான் என்பது உனக்குத் தெரியும். அவர் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அவர் கடைத் தராசில் முத்திரை இல்லையென்று ஒரு பாட்டி உன்னிடம் வந்து சொன்னால், போஸ்டரில் அவர் பெயரும் உன் நாயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வாய்? அதே காரணத்தால் நானும் இனாமாக அச்சடித்துத் தர மாட்டேன். எங்கள் அச்சகத்தில் ஓடுவதெல்லாம் விற்கிறவர்கள் லேபிள்தான். அவர்கள் சோற்றைத் தின்கிறவன் நான்.

பணம் இல்லாமல் எப்படி என்று கேட்பாய். போஸ்டரே வேண்டாம், ஸ்டென்சில் வெட்டிக்கொள். ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய எக்ஸ்ரே ஷீட் எல்லார் வீட்டு பீரோவிலும் கிடக்கும். அதில் நாயை வரைந்து பிளேடால் வெட்டு. கண்ணை வெட்டும்போது கவனம். சுற்றிலும் முழுசாக வெட்டினால் கண் துண்டாகக் கீழே விழுந்து, அச்சில் வெறும் குருட்டு நாய் வரும். இரண்டு பக்கமும் மெல்லிய பாலம் மாதிரி விட்டு வெட்ட வேண்டும். காதுக்கும் கழுத்துப் பட்டைக்கும் அப்படியே. பிறகு செங்காவிப் பொடியைப் பசையோடு குழைத்து, ஸ்பாஞ்சை அதில் தோய்த்துப் பிழிந்துவிட்டு ஒற்றி எடு. இழுக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். சுவர்காரரிடம் அனுமதி கேட்காமல் அடித்தால் உன் மேலேயே புகார் வரும், ஞாபகம் வை.

டிசம்பர் 24 ஊர்வலத்துக்கு உயிருள்ள நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். வேண்டாம். மேளமும் கூட்டமும் அதற்கு ஆகாது, மிரண்டு யாரையாவது கடித்தால் பிரசாரம் அன்றோடு முடிந்தது. முகமூடி போதும். வேட்டி சட்டை போட்ட செஸ் ஒலிம்பியாட் குதிரை 'தம்பி'யை 2022-ல் எல்லாரும் எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்? வணக்கம் சொல்கிற அந்த ஒரு நிலை. உன் நாய்க்கும் ஒரே நிலைதான், குனிந்து முகர்கிற நிலை. முகமூடி போடுகிற பையனுக்கு அதை மட்டும் சொல்லிக்கொடு. குதிக்கவோ ஆடவோ வேண்டாம்.

புதுப் படத்தைப் பென்சிலிலேயே வரைந்து அனுப்பு, வண்ணம் அடிக்காதே. தீப்பெட்டி அளவில் ஒன்று, சுவர் அளவுக்கு ஒன்று. சின்னதில் நாய் என்று தெரியவில்லையென்றால் பெரிசை அனுப்பவே வேண்டாம்.

அம்மாவிடம் ஒரு சேதி. போன வருஷம் ஆடியில் நின்றுபோன அந்த மிக்ஸிக்கு இன்னும் சர்வீஸ் ஆள் வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறாளாம். பில்லும் வாரண்டி அட்டையும் எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடச் சொல். இரண்டு வருஷக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 1915-க்கு நீயே பக்கத்தில் உட்கார்ந்து போன் போட்டுக் கொடு. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள மறக்காதே.

அன்புடன்,
மாமா
சிவகாசி